நிகர எடை

சுங்காய் செம்பனை ஆலை வாசலில்
பதினான்கு வருடமாக லோரிகளை நிறுக்கிறேன்.
குலையோடு நுழையும்போது ஒரு தடவை,
வெறுமையாய்த் திரும்பும்போது ஒரு தடவை.
கழித்தால் வருவது நிகரம்.
காசு அதற்குத்தான்.

வீட்டுக்காரருக்கும் அதே கணக்கு.
செவ்வாய், வியாழன், சனி, பீடோரில்.
ஊசி ஏறுமுன் அறுபத்து நாலு புள்ளி மூன்று,
நாலு மணி நேரம் கழித்து அறுபத்தொன்று புள்ளி எட்டு.
கழித்தால் வருவது
இரண்டு நாள் கோப்பி, ரசம்,
எனக்குத் தெரியாமல் வாயில் ஒதுக்கிய ஐஸ் கட்டி.
தாதி ரோஸ்னா அதையும் நோட்டில் எழுதுவாள்.

ஆலை வாசலில் முனி இருக்கிறார்.
லோரிக்காரர்கள் வைத்த சுருட்டு
காலடியில் நனைந்து ஊறிக் கிடக்கும்.
எட்டு வருடம் கும்பிட்டேன்.
அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போனதும் விட்டுவிட்டேன்.
கோபம் என்று சொல்ல முடியாது.
பாக்கி இருக்கும் கடையைக் கண்டால்
எதிர்ப் பக்கமாக நடப்போமே, அப்படி.
யாருக்கு யார் பாக்கி என்பதில்தான் தெளிவில்லை.

போன நவம்பர். ராத்திரி பத்தரை. மழை.
மேடையில் ஒரு லோரியும் இல்லை,
திரையில் மட்டும் இருபது கிலோ.
சாரல் தேங்கினால் இப்படிக் காட்டும்,
பூஜ்யத்தை அழுத்தினால் போய்விடும்.
விரலை வைத்துவிட்டேன்.
அப்போது இருபது முப்பதானது,
முப்பது மறுபடி இருபதானது.
தண்ணீர் மூச்சு வாங்குமா?

டார்ச்சோடு இறங்கிப் போனேன்.
தகட்டின் ஓரம், காய்ந்திருந்த ஒரு முழ இடத்தில்
கேன்டீன் நாய், காது கிழிந்தது,
குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே ஒன்பது லோரி.
முதலில் ஆ லியோங், பதினோரு டன்.
வெட்டிய குலை காத்திருந்தால் தரம் இறங்கும்,
விலையும் இறங்கும்.
கையை நீட்டி நிறுத்தி, நாய் என்றேன், குட்டி என்றேன்.
அவர் எட்டிப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.
பின்னால் இன்னொன்று அணைந்தது.
இன்னொன்று.
ஒன்பதும்.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
புரிகிறதா உங்களுக்கு?
கீழே விழுந்த பேனாவை நான் எடுப்பதற்குள்
மூன்று மொழியில் என் தாயை இழுப்பவர்கள்.
ஐம்பது நிமிஷம்,
ஒருவரும்.

ரஃபீக் நாயைத் தொட மாட்டான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாயை
இரண்டு கையாலும் பிடித்து நின்றான்.
ஐந்து குட்டிகள். நாலு அசைந்தன.
ஐந்தாவதை ஆ லியோங் தன் கழுத்துத் துண்டால்
வெகு நேரம் தேய்த்துப் பார்த்தார்.
அசையவில்லை.
முனிக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து
ஒன்றும் பேசாமல் லோரியை மேடையில் ஏற்றினார்.

பதிவேட்டில் எழுதினேன்:
பத்தரை முதல் பதினொன்று இருபது வரை
மேடை உபயோகத்தில்.
காலையில் மேனேஜர் அதன் மேல் விரல் வைத்தார்,
என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பீடோரில்
அவர் பக்கத்தில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு குழாயில் ரத்தம் வெளியே போகிறது,
இன்னொன்றில் திரும்பி வருகிறது.
திரும்பி வருகிறது!
ஆறு வருடமாகப் பார்த்தும்
அதை நான் எதிலும் கூட்டவில்லை.
அன்றும் ரெண்டரை கிலோ இறக்கினார்கள்.
அவருக்கு ஒன்றும் குணமாகவில்லை.
வரும் வழியில் ஐஸ் கேட்டார். ஒரு கட்டி கொடுத்தேன்.

வேலைக்குப் போகையில் முனியிடம் நின்றேன்.
கும்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.
கையில் சூடம் இல்லை, வேண்டுதலும் இல்லை.
நாலில் ஒன்று, கறுப்புக் குட்டி,
என் செருப்பு வாரைக் கவ்விக்கொண்டு விடவில்லை.
குனிந்து அதை இழுத்தபடியே
"சரி, இருக்கீங்க" என்றேன்.
யாரிடம் என்று கேட்காதீர்கள்.
லோரி வந்துவிட்டது.